சீகாழி அரங்கநாதனார்

கணிதத்தைக் கற்றுப் புகழெய்திய தமிழர் யாவரென வினவின், ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமாநுஜன் பெயரை இளஞ்சிறாரும் கூறுவர். கணிதம் கற்பிக்கும் தொழிலைத் துறந்து புகழெய்திய தமிழர் ஒருவரும் உளர். அவரே சீகாழி இராமாமிர்த அரங்கநாதனார். இராமாநுஜன் மறைந்து 47 ஆண்டுகள் கழிந்தபின், 1967-இல், அவரது வரலாற்றை ஒரு நூலாக எழுதி வெளியிட்டவரும் இவரே. ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாளை நூலகர் நாளாக நம் நாட்டார் கொண்டாடுவது இவர் பிறப்பை முன்னிட்டேயாம். ஆயினும் நூலகத்தார் வட்டத்திற்கு வெளியே இவர் பெயர் அத்துணை வழங்கக் காணோம். கைப்பேசியில் ஒரு பொருளைத் தேடுவோர் ஒவ்வொருவரும் இவர் வகுத்த நெறியின் ஒரு கூற்றையேனும் நாடோறும் கையாள்கின்றனர் என்பதை எண்ணுங்கால், இம்மறதி நமக்கு வியப்பளிக்கின்றது.

அரங்கநாதனார் 1892-ஆம் ஆண்டு அந்நாளைய தஞ்சை மாவட்டத்துச் சீகாழியிற் பிறந்தார். தந்தையார் சிறு நிலக்கிழார். இராமாயண விரிவுரை செய்வதில் விருப்புடையவர். மைந்தனுக்கு ஆறு வயது நிரம்புங்கால் அவர் காலமானார். இளமையில் அரங்கநாதனார்க்குத் திக்குவாய் இருந்தது. நாவின் தடையை அவர் விடாமுயற்சியால் வென்று, பின்னாளில் அரங்குகள் நிறைய விரிவுரையாற்றினார். ஊர்ப் பள்ளியிற் கல்வி முடித்து, 1909-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்தார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்திலன்று, உயர்நீதிமன்றத்தின் எதிரே கடற்கரையை அடுத்த பட்டணப் பகுதியில் இருந்தது. தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937-இல். அங்குக் கணிதப் பேராசிரியராயிருந்த எட்வர்டு ராஸ் என்பார் இவர்பால் மிக்க அன்பு பூண்டார். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே அரும்பிய அவ்வன்பு கல்லூரி வாழ்வோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். 1913-இல் இளங்கலையும் 1916-இல் முதுகலையும் தேறி, சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் தம் நூலகத்திற்கு ஒரு நூலகரை நியமிக்க விழைந்தனர். விண்ணப்பித்தோர் தொள்ளாயிரவர் என்பர். அவருள் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இலர். நம் அரங்கநாதனார் அறிந்திருந்ததெல்லாம், நேர்காணலுக்குச் சில நாள் முன்னர்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் படித்த கட்டுரையளவேயாகும். எனினும் பதவி இவர்க்கே வாய்த்தது. 1924 சனவரியில் பொறுப்பேற்றார். ஏற்றபின்னரோ, பாழடைந்த மண்டபத்திற் காவலிருத்தப்பட்டவர்போல் உணர்ந்தார். வகுப்பறையின் ஆரவாரத்திற்குப் பழகிய செவிகட்கு அந்த அமைதி ஒவ்வவில்லை. ஒரு வாரங்கூடப் பொறாமல் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஓடி, தம்மை மீளவும் ஏற்றருள வேண்டினார். முதலில் இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று வருமாறும், திரும்பிய பின்னும் மனம் ஒட்டாவிடின் ஆசிரியப் பணிக்கு மீளலாமென்றும் உடன்பாடாயிற்று. இவ்வுடன்பாடு இல்லையேல் நம் நாடு ஒரு நல்ல கணித ஆசிரியரைப் பெற்றிருக்கும், அவ்வளவே.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் பகுப்பியல் பயின்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரிற் சென்று கண்டார். அந்நாளில் பெரிதும் வழங்கியது அமெரிக்கர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்து, ஒரு மரம் கிளைவிட்டு இறங்குமாறுபோல அமைந்தது அது. அதன் பயனை அரங்கநாதனார் மறுத்தாரல்லர். ஆயினும் கணித அறிவு நிரம்பிய அவர் உள்ளத்திற்கு அதன் அடிப்படையே ஐயத்தை விளைத்தது. மரத்தில் ஒரு கனி ஒரு கிளையிலன்றோ தொங்கும்? நூலிற் பேசப்படும் பொருளோ பல கிளைகளில் ஒருங்கே தொங்குவது.

இதனை நம் பக்கத்துக் கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நாம் இருப்பது இடையஞ்சாவடி. இதற்கு வடக்கே கடலோரமாகச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கக் காணலாம். முன்னாளில் பக்கிங்காம் கால்வாய் வழியே உப்பு, படகேறிச் சென்னைக்குச் சென்ற கரை அது. அக்கால்வாயின் தென்கோடி மரக்காணமே. கோடையில் வெண்பாத்திகளின்மேல் வெயில் பட்டுத் தெறிக்க, நாள் முழுதும் அதன் நடுவே நின்று உப்பு வாருவோர்க்குக் கண் வருந்தும். உவர்நீரில் ஊறிக் கால் வெடிக்கும். ஐப்பசி மழை பெய்யத் தொடங்கினால் தொழிலே நின்றுவிடும். இவர்களது கண்நோயைத் தடுக்கும் வழிபற்றி, 2011-ஆம் ஆண்டின் இறுதியில் வீசிய தானே புயலுக்குப் பிற்பட்ட நிலையை வைத்து, ஒருவர் ஒரு நூல் எழுதுகின்றார் எனக் கொள்வோம். அதனை எவ்வடுக்கில் வைப்பது? டூயி முறையிற் கண் மருத்துவத்திற்கு 617.7, தொழிலாளர் உடல்நலத்திற்கு 613.62, தமிழ்நாட்டு வரலாற்றிற்கு 954.82. உப்புத் தொழிலுக்கோ வேறோர் எண் உண்டு. எண்களை ஒன்றோடொன்று கூட்டிக்கொள்ளச் சிறிது வழி டூயி முறையிலும் இருக்கின்றது. எனினும் ஒரு கிளையைத் தலைமையாகத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். மருத்துவர் தேடுமிடத்தில் வைத்தால் தொழிற்சங்கத்தார்க்குக் கிட்டாது. தொழிலின்கீழ் வைத்தால் மருத்துவர்க்குக் கிட்டாது. மரக்காணத்தான் தன் ஊர்ப்பெயரைக்கொண்டு தேடினால் ஒன்றுமே கிட்டாது.

இச்சிக்கலை அவிழ்க்கும் வழி அரங்கநாதனார்க்குப் புலப்பட்ட இடம் நூலகமன்று. இலண்டனில் செல்பிரிட்ஜ் என்னும் பெருங்கடை. அங்கே மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை ஒருவர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். துளையிட்ட சில தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டப் பாரந்தூக்கியும் வண்டியும் பாலமும் தோன்றின. செய்து முடித்த பொம்மைகளை ஆயிரக்கணக்காக அடுக்கி வைப்பதற்கு மாறாக, உறுப்புக்களையும் அவற்றைப் பூட்டும் ஆணியையும் வைத்திருந்தாலே போதும் என்பது அவர்க்குப் பளிச்சிட்டது. பொருள்களை முழுமையாகப் பட்டியலிடல் வேண்டா. பொருள்களின் உறுப்புக்களைப் பட்டியலிட்டு, வேண்டியபோது முக்காற்புள்ளியாகிய ஆணியால் பூட்டிக்கொள்க என்பதே அவர் கண்ட நெறி. முக்காற்புள்ளியின் ஆங்கிலப் பெயரே அதற்குப் பெயராகிக் கோலன் பகுப்பு முறை எனப்பட்டது. திரும்புகாலில் கப்பலில் இருந்த சிறு நூலகத்தையே ஆய்வுக்களமாக்கித் தம் முறையை முயன்று பார்த்தார். 1925-இல் சென்னை வந்து சேர்ந்தபோது, மாநிலக் கல்லூரிக்கு மீளும் எண்ணம் அவரிடம் இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளும் சென்னைப் பல்கலைக்கழக நூலகமே அவர் உயிராயிருந்தது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். விடுமுறை என்பதையே அறிந்தாரல்லர். பூட்டிய பேழைகளிற் கிடந்த நூல்களை, படிப்போர் தாமே சென்று எடுக்குமாறு திறந்த அடுக்குகளில் வைத்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. மறுவருடமே நூலகர்க்குப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கிற்று. 1928-இல் அவர் முதல் மனைவியார் காலமாக, 1929-இல் சாரதா அம்மையாரை மணந்தார்.

1928-இன் பிற்பகுதியில் ஒரு நாள், நூலகப் பணிகள் அனைத்திற்கும் அடியாயுள்ள விதிகள் யாவை என்று அவர் தலையைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பொழுது பழைய ஆசிரியர் ராஸ் அவ்வழி வந்தார். மாணவர் நெடுநேரம் விளக்கியதைக் கேட்டு, முதல் விதியைச் சில சொற்களில் அவர் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சென்றார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அது. மற்றவை அதனின்று தாமே பிறந்தன: படிப்போர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் உண்டு, நூல் ஒவ்வொன்றிற்கும் அதற்குரிய படிப்போர் உண்டு, படிப்போரின் காலத்தை வீணாக்கலாகாது, நூலகம் வளரும் உயிர் போல்வது. இவ்வைந்தையும் விரித்த நூல் 1931-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராகக் கொண்டு செல்லும் நூலகமும் புறப்பட்டது. கோலன் பகுப்பு முறை 1933-இல் அச்சேறியது. 1948-இல் சென்னை மாகாணத்துப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியதற்கும், சொத்துவரியோடு நூலகத்திற்கென ஒரு தொகை தண்டப்பெறுவதற்கும் அவரது இடையறாத முயற்சி பெருங்காரணமாகும்.

இனி, அவர் முறையின் உட்கருத்தைச் சிறிது நின்று நோக்குவோம். மணியொன்றைப் பட்டை தீட்டினால் பல முகங்கள் தோன்றுமன்றோ? அவ்வாறே எப்பொருட்கும் பல முகங்கள் உண்டு என்றார். அம்முகங்களை ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என ஐந்தில் அடக்கினார். மேற்சொன்ன உப்பளத்து நூலை எடுத்துக்கொள்வோம். கண் என்பது ஆளுமை, தடுத்தல் என்பது ஆற்றல், மரக்காணம் இடம், 2011 காலம். நோயை எதில் வைப்பது? முதலில் ஆற்றலின்பாற் சேர்த்தார். பின்னர் எண்ணி எண்ணிப் பொருண்மையின்பால், பண்பு என மாற்றி வைத்தார். ஆளுமை இன்னதென்று வரையறுக்க மட்டும் அவர்க்கு இறுதிவரை முடியவில்லை. ஏனைய நான்கிலும் அடங்காதது எதுவோ அதுவே ஆளுமை என்றார். வீட்டில் எவர் தலையிலும் ஏறாத வேலை மூத்த மருமகள் தலையில் ஏறுவதுபோலும் என்று நகைக்கத் தோன்றுகின்றது. ஆயினும் முகம் என்னும் கருத்து இதனாற் பழுதுபடவில்லை.

இதனினும் ஆழ்ந்த ஒன்றை அவர் கண்டார். பகுத்தல் என்னும் வேலை மூன்று தளங்களில் நிகழ்கின்றது: கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம். உலகில் எவ்வெப் பொருள்கள் உள்ளன, அவை தம்முள் எவ்வாறு தொடர்பு கொண்டுள்ளன என்று தெளிவது கருத்துத் தளத்தில். அவற்றிற்குப் பெயரிடுவது சொல் தளத்தில். எண்ணும் எழுத்தும் தருவது குறியீட்டுத் தளத்தில். எண் எளிதாயிருத்தல் வேண்டுமென்பதற்காகக் கருத்தைச் சிதைக்கலாகாது. கருத்துத் தளமே அரசு செலுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. டூயி முறையில் பத்தே இலக்கங்கள் உள்ளமையால் அறிவும் பத்தாகவே பிரிய நேர்ந்ததை நினைவிற் கொண்டால் இக்கொள்கையின் வன்மை விளங்கும்.

கணிப்பொறி வல்லுநர் இவ்வழிக்கு வேறொரு வாயிலாக வந்து சேர்ந்தனர். 1976-இல் பீட்டர் சென் என்பார், தகவற்களஞ்சியம் அமைக்குமுன் அதில் இடம்பெறும் பொருள்கள் எவை, அவற்றின் பண்புகள் எவை, பொருளுக்கும் பொருளுக்கும் உறவு என்ன என்று முதலிற் படமாக வரைந்துகொள்ளும் முறையை வெளியிட்டார். அதனைக் கருத்துநிலை மாதிரி என்கின்றனர். அட்டவணையும் கோப்பும் அதன் பின்னரே. சென் என்பார் நம் அரங்கநாதனாரிடம் கற்றார் என்று நாம் கூறவில்லை. இருவரும் ஒரே கிணற்றில் வேறு வேறு கயிறு விட்டு நீர் மொண்டனர் என்பதே உண்மை.

இவ்வாறு முதலில் எண்ணித் தெளிவது வீண் நுணுக்கமன்று. உப்பளங்களைப் பற்றி ஒருவர் பதிவேடு ஒன்று அமைக்கின்றார் எனக் கொள்வோம். உப்பளம், அதன் பரப்பு, குத்தகைக்காரர், விளைந்த உப்பின் நிறை: இந்நான்கையும் எழுதக் கட்டம் போட்டாயிற்று. கூலியாளை எங்கே எழுதுவது? அவருக்குக் கட்டமில்லை. பின்னர், தொழில் நின்றிருக்கும் மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5000 ரூபாய் உதவி அறிவிக்கும்போது, அதற்குரியோர் யார் யாரெனப் பதிவேட்டைப் புரட்டினால் ஒருவர் பெயரும் அங்கிராது. எவரும் அவரை வேண்டுமென்று விலக்கவில்லை. மாதிரி வரைந்தவர் அவரை ஒரு பொருளாக எண்ணவில்லை, அவ்வளவே. தொழிலாளர் என்பதைத் தனிப்பொருளாகவும், உப்பளத்தோடு அவர்க்குள்ள உறவு இந்தப் பருவத்தில் இந்த இடத்தில் என்று காலமும் இடமும் கொண்டதாகவும் முன்னரே வரைந்திருப்பின், ஆண்டுதோறும் பாத்தி மாறி வேலை செய்யும் பெண்ணொருத்தியும் அப்பதிவேட்டில் தப்பாமல் இருப்பாள். படிப்போர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் என்ற விதியின் பொருள் இத்துணைத் தூரம் செல்கின்றது.

உலகளாவிய வலை 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பாரின் திட்டமாகத் தோன்றிச் சில ஆண்டுகளிலேயே கட்டுக்கடங்காது பெருகியது. அதனை ஒழுங்குபடுத்த முயன்றோர் முதலிற் பற்றியதும் பழைய மரத்தையேதான். 1994-இல் எழுந்த யாகூ தன் பக்கங்களைக் கிளை கிளையாகப் பிரித்து அடைவு அமைத்தது. ஒரு செய்தி இரு கிளைக்கும் உரியதாயிருந்தால், ஒன்றில் வைத்து மற்றொன்றிலிருந்து சுட்டிக் காட்டினர். சுட்டுக்கள் பெருகப் பெருக மரம் புதராயிற்று. 2014-இன் இறுதியில் அவ்வடைவு மூடப்பட்டது. மூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு. சொற்களைக்கொண்டே தேடித்தரும் பொறிகள் அதனைப் பின்தள்ளின என்பது மெய். ஆனால் அப்பொறிகளும் செய்யவியலாத ஒன்றை முகங்களே செய்தன. இன்று இணையக் கடையில் சேலை வாங்குவோர் நிறம், விலை, நெசவு, ஊர் என்று எந்த முகத்திலிருந்தும் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்துத் தேடலைச் சுருக்கிக்கொள்கின்றனர். காஞ்சிபுரம் என்று தொடங்கிச் சிவப்பில் முடிக்கலாம். சிவப்பில் தொடங்கிக் காஞ்சிபுரத்தில் முடிக்கலாம். சேர்வது ஒரே இடம். நூலகத்தின் அடுக்கில் ஒரு நூல் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும் என்பதால் அரங்கநாதனார் முகங்களை ஒரு வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது. அத்தளை இணையத்திற்கு இல்லை. இலண்டனில் 1952-இல் கூடிய பகுப்பாய்வுக் குழுவினர், தகவல் தேடலுக்கு முகப் பகுப்பே அடிப்படையாதல் வேண்டுமென 1955-இல் அறிவித்தனர். அவர்கள் வழியாகவே இக்கருத்து மேனாடெங்கும் பரவிற்று.

புகழ்ச்சியோடு குறையும் கூறுதல் நம் கடன். அரங்கநாதனார் தம் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1939, 1950, 1952, 1957, 1960 எனப் பதிப்புக்கள் வந்தன. பதிப்புக்குப் பதிப்பு எண்கள் மாறின. மாறியபோதெல்லாம் பல்லாயிரம் நூல்களின் முதுகில் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் புதிது ஒட்ட வேண்டிய நூலகர் என் செய்வார்? குறியீடுகளும் நீண்டு, படிப்போர் நினைவில் நில்லாதனவாயின. அவர் ஆக்கிய கலைச்சொற்களோ அவர் மாணாக்கரையே மிரட்டின. ஆதலின் அவர் பிறந்த நாட்டிலேயே நூலகங்கள் பெரும்பாலன டூயி முறையில் நின்றுவிட்டன. காலத்தை வீணாக்கலாகாது என விதித்தவர், நூலகரின் காலத்தையும் எண்ணியிருக்கலாம் என நமக்குத் தோன்றுகின்றது.

1945-இல் சென்னைப் பணியினின்று ஓய்வு பெற்றார். காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த இராதாகிருஷ்ணனார் அழைக்க அங்குச் சென்று, இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தம் ஒரு கையாலேயே பகுத்து முடித்தார். ஐம்பது வயது கடந்தவர் செய்த வேலை இது. பின்னர் 1947 முதல் 1954 வரை தில்லிப் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் ஈராண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலும் இருந்தார். வாழ்நாளிற் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைத் தம் மனைவியார் பெயரால் நூலகவியற் பேராசிரியப் பதவி ஒன்று அமைக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே ஈந்தார். 1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் சிறப்பும் பெற்றார்.

1962-இல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியற் கழகத்தின் சார்பில் ஆவணப்படுத்தல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். எழுபது வயதில் தொடங்கிய பள்ளி அது. இறுதிவரை அங்கே இளைஞரைச் சூழ வைத்துக்கொண்டு பகுப்பின் ஏழாம் பதிப்பைச் செப்பஞ்செய்துகொண்டிருந்தார். 1972 செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரிற் காலமானார். ஏழாம் பதிப்பு, அவருடன் பணிபுரிந்த கோபிநாத் என்பாரால் ஒழுங்கு செய்யப்பெற்று, 1987-இல் வெளிவந்தது.